உருளை போட்ட வருஷம்

எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பைத்தியம்.
கொள்ளுத்தாத்தா கோஸ் போட்டார்.
இலை விரிந்தது விரிந்ததுதான்,
ஒன்றாவது உருண்டு கூடவில்லை.
பக்கத்துப் பட்டி எருமைகள் ஒரு வாரம்
கோஸ் ஏப்பம் விட்டன.
தாத்தா பட்டாணி.
பூத்தது, காய்க்க மறந்தது.
அப்பா பீட்ரூட்.
அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது.

மற்றபடி கீரைதான்.
கொளப்பாக்கத்தில்,
விமானம் காலை நீட்டி இறங்கப் பார்க்கும் பாதைக்கு
நேர் கீழே எழுபது சென்ட்.
சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும்,
இல்லாவிட்டால் கை ஒரே இடத்தில் கொட்டிவிடும்.
கடுகைவிடச் சின்னது, கறுப்பு, வழுக்கும்.
தூவிய மேல் துடைப்பத்தால் லேசாக ஓர் இழுப்பு.
இருபத்தோராம் நாள்
வேரோடு பிடுங்கி, மண் அலசி,
வாழைநாரில் கட்டி
ராத்திரி ஒன்றரைக்குக் கோயம்பேடு.
கிழக்கு மூலைப் பாத்தியில் மட்டும் யாரும் கைவைப்பதில்லை.
அது விதைக்கு.
அங்கே தண்டு இடுப்பளவு முற்றிக்
கதிர் காய்ந்து நிற்கும்,
வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர் மாதிரி.

எங்கள் முறைக்கு ஜெகதா. என் அக்கா.
ஒரு கட்டுக்கு நார் எத்தனை பைசா என்று கணக்கு வைப்பவள்,
கடன் வாங்கி நாற்பது கிலோ விதை உருளையை
மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வரவழைத்தாள்.
"மார்கழியில நமக்கும் குளிரத்தானே செய்யுது?"
கண் பார்த்து வெட்டினோம், துண்டுக்கு இரண்டு கண்.
வெட்டிய வாயில் சாம்பல்.
கோணியில் இரண்டு நாள் ஆறப்போட்டுப்
பார் பிடித்து நட்டோம்.
மச்சான் முனிரத்தினம் தினமும் போனைப் பார்த்து அறிவிப்பார்:
"ராத்திரி இருபத்தி மூணு."
பாக்கிக்காரன் வீட்டு வாசலைப் பார்ப்பது போல
ஜெகதா வானத்தைப் பார்ப்பாள்.

செடி என்னவோ திமுதிமுவென்று வந்தது.
இரண்டு தரம் மண் அணைத்தோம்.
அப்போதுதான், பாருக்கும் பாருக்கும் நடுவே
யாரும் விதைக்காத அரைக்கீரை.
எவர் மடியிலிருந்து எந்தக் காலத்தில் சிந்தியதோ.
எங்கள் நிலத்தில் முதல் தடவையாகக்
கீரை களை ஆயிற்று.
களைக்கொத்தோடு போன ஜெகதா
கொத்தைக் கீழே வைத்துவிட்டுக்
கையால் பிடுங்கினாள், பழக்கம்,
வேர் அறாமல்.
சாயங்காலத்துக்குள் நூற்று எழுபது கட்டு.
உருளைக் கடனுக்கு அந்த மாச வட்டியைக்
களைதான் கட்டியது.

மாசியில் தோண்டினோம்.
கோலி. சிலது கொட்டைப்பாக்கு.
ஒன்றே ஒன்று முட்டை அளவு,
அதிலும் ஒரு பக்கம் பச்சை.
நாற்பது கிலோ புதைத்து
பதினோரு கிலோ எடுத்தோம்.
அப்பா வரப்பில் வெகுநேரம் நின்றார்.
பிறகு சொன்னார்,
"பீட்ரூட்டு இதைவிடச் சின்னது."
முப்பது வருஷத்தில் முதல் முறை.
ஜெகதா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
கண்ணில் நீர் வர, அது எந்த நீர் என்று
யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.
தோலோடு வேகவைத்து உப்பும் மிளகும் தூவி
ஏழு பேரும் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து தின்றோம்.
நன்றாகத்தான் இருந்தது.
பச்சைப் பக்கத்தை மட்டும் அறுத்து எறிந்தோம்.

இந்தக் கார்த்திகையில்
சிறுகீரை பிடுங்கிக்கொண்டே வந்த என் கை
கொட்டாய் நிழலோரம் நின்றது.
சொரசொரப்பான இலை, தடித்த தண்டு.
அத்தனை வெயிலுக்கும் எங்கே ஒளிந்திருந்ததோ,
ஒற்றை உருளைச் செடி.
"அக்கா, இதைப் பிடுங்கவா?"
மேலே விமானம்.
அவள் வாய் மட்டும் அசைந்தது.
சத்தம் ஓய்ந்து நான் திரும்பக் கேட்பதற்குள்
குந்தி உட்கார்ந்து
இரண்டு கையாலும் அதற்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.
முனிரத்தினம் போனை எடுத்தார்.
"ராத்திரி இருபத்தி ஒண்ணு" என்றார்,
யாரும் கேட்காமலே.